பனி விழாத மாதத்தில் ஒரு பனிச்சறுக்கு ஊர்

போன வருஷம், எங்கள் ஊரில் சாரல் தொடங்கப்போகிற நேரமாகப் பார்த்து, பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இமயமலைப் பக்கம் ஒரு பனிச்சறுக்கு ஊருக்குப் போவதென்று நான் முடிவு செய்தேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். ஊர் உலகமே குளிர்ச்சி தேடிக் குற்றாலத்துக்கு வரும்போது நீ எதற்கு வெளியே போகிறாய் என்பது ஒன்று. ஜூன் மாதத்தில் அங்கே பனியே இருக்காதே, அப்புறம் என்ன பார்க்கப் போகிறாய் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வருஷமே நம்மாட்கள் வேன் பிடித்து அங்கேயும் வந்து இறங்கிவிடுவார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எங்கள் வீடு. மேலகரத்தில் இருக்கிறது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். இந்த இடத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது சொந்த வீடு கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே எனக்கு அது விளங்கிவிட்டது. ஜூன் பிறந்ததும் போன் அடிக்கத் தொடங்கும். சௌக்கியமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" அதுதான் முதல் வார்த்தை. கணவருடைய பெரியப்பா மகன் கேட்பார், அவர் மனைவியின் தங்கை கேட்பாள், அந்தத் தங்கையோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். விழுகிறது என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமை காலையில் வாசலில் வண்டி நிற்கும்.

என் கணவர் தென்காசியில் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. போனில் அவரைப்போல வாய் நிறைய அழைக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. "வாங்க வாங்க, எத்தன பேர்னாலும் வாங்க, வீடு எதுக்கு இருக்கு" என்பார். போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். பார்க்கிற பார்வையிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்துவிடும். அழைப்பது அவர், அரைப்பது நான்.

சீசன் வந்தால் எங்கள் வீட்டில் கிரைண்டர் இரண்டு வேளையும் ஓடும். சாரலில் துணி காயாது. மாடியில் கொடி கட்டி, வராந்தாவில் கொடி கட்டி, அதுவும் போதாமல் பூஜை அறைக் கதவில் யாரோ ஒருவருடைய ஈரத் துண்டு தொங்கும். தலையணை உறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கேரள எல்லையில் இருக்கும் புளியறை வரைக்கும் போய்ப் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறவர்கள், வந்த கையோடு "கொஞ்சமா ரசஞ்சோறு மட்டும்" என்பார்கள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஈட்டிய விடுப்பு என்று ஒன்று உண்டு. இருபத்தெட்டு வருஷமாக நான் ஈட்டியதையெல்லாம் அவியலுக்குக் காய் நறுக்குவதற்கே எடுத்திருக்கிறேன்.

ஐந்தருவிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. சீசனில் நான் அங்கே போய்க் குளித்து எத்தனை வருஷமாகிறது என்று எனக்கே நினைவில்லை. எல்லோரும் குளிக்கக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு யாராவது வீட்டில் இருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவள் என் தோழி. வடகரைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் சவூதியில் இருக்கிறார். அவள் வீட்டிலும் சீசன் கூட்டம் உண்டு. அது போதாதென்று கணவர் விடுமுறையில் வரும் இரண்டு மாதமும் அவரைப் பார்க்க வருகிற கூட்டம் வேறு. ஒருநாள் மத்தியானம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைச் சரிவு. அதில் மேலே ஏறிப்போகும் கம்பிவடம், வடத்தில் வரிசையாகத் தொங்கும் காலி நாற்காலிகள். பனிக்காலத்தில் ஆட்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடுகிற நாற்காலிகளாம். மேலே போய் இறங்கி, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கிக்கொண்டே கீழே வருவார்களாம். இப்போது பனியும் இல்லை, ஆளும் இல்லை. புல்லில் ஒரு மாடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது.

"இந்த ஊருக்கு சீசன் முடிஞ்சுட்டுக்கா. ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். விருந்தாளிகள் போய்விட்ட ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பங்குனியில் குற்றாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிப்ஸ் கடைகளில் பாதி சாத்தியிருக்கும். திறந்திருக்கும் கடைக்காரர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அருவிப் பாறை வெயிலில் காயும். அப்போதுதான் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் கிடைக்கிறது. ஆகவே இரண்டாவது கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. பனியைப் பார்க்க நான் போகவில்லை. பனி போன பிறகு மூச்சு விடுகிற ஊரைப் பார்க்கப் போகிறேன்.

பெரிதாகப் பேசிவிட்டேனே தவிர, நானே சறுக்கிய கதையையும் சொல்ல வேண்டும். தோழியும் நானும் சேர்ந்தே போவதென்று முடிவாகி, அங்கே தங்குவதற்கு ஒரு பெண்மணி வீட்டோடு நடத்தும் சின்ன விடுதியைக் கண்டுபிடித்தோம். எங்கள் இருவருக்கும் இந்தி வராது. தோழியின் கணவருக்கு நன்றாக வரும். சவூதியில் பீகார்க்காரர்களோடு ஒரே அறையில் பல வருஷம் இருந்து பழகிய இந்தி. ஒரு மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரையும் அந்தப் பெண்மணியையும் ஒரே அழைப்பில் சேர்த்தோம். அறை இருக்கிறதா, வெந்நீர் வருமா, குளிருக்குக் கம்பளி தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, பனி விழுதான்னு ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் விடுகிற மூச்சு அது.

"என்ன தம்பி சொல்லுதாங்க?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. போன் பண்ணுத எல்லாரும் கடைசில இதத்தான் கேக்காங்களாம். பனிதான் வேணும்னா தை மாசம் வாங்க, இப்ப இங்கன நானும் புல்லுந்தான் இருக்கோம்னு சொல்லுதாங்க."

தோழி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் என்னை அரித்த கேள்வி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வெளியூர் போக வாயைத் திறந்தேன், அதையே கேட்டுவிட்டேன். அருவி ஊர்க்காரிக்கு வேறெப்படிப் புத்தி போகும்? "புல்லுக்குத்தான் வாரோம்னு சொல்லுங்க. சாப்பிட்ட தட்ட நாங்களே கழுவி வச்சிருவோம்னும் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னதும் அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பு இங்கே வரைக்கும் நன்றாகக் கேட்டது.

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக "சொந்த அலுவல்" என்று எழுதுவேன். இந்தத் தடவை "ஓய்வு" என்று எழுதினேன். எங்கள் அதிகாரி என் மகன் வயதுப் பையன். படித்துவிட்டு, "மேடம், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார். "நல்லாருக்கேன் சார். அதான் இப்பவே எடுக்கேன்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டில்தான் கையெழுத்து கிடைக்கவில்லை. கணவரிடம் சொன்னதும் அவர் முதலில் நாட்காட்டியைப் பார்த்தார்.

"ஜூன்லயா? அக்கா வாரால்லா?"

"வரட்டும்."

"வந்தா?"

"நீங்க இருக்கீங்கள்ல."

அவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். ஒரு மாதம் தள்ளிப் போகக்கூடாதா என்றார். ஜூலையில் அங்கே மழை பிடித்துவிடும், மலைப்பாதை சரியும், ஆகாது என்றேன். "நீங்களும் வாங்களேன்" என்று உண்மையாகவே கூப்பிட்டேன். கார் பருவ நெல் நடவு நேரத்தில் உரக்கடையை யார் பார்ப்பது என்றார். அதுவும் நியாயம்தான்.

அவர் பயந்தது அவருடைய அக்காவுக்கு, என் மைனிக்கு. மைனி விருதுநகரில் இருக்கிறார். ஒவ்வொரு சீசனிலும் முதல் ஆளாக, மருமகள் பேரப்பிள்ளைகளோடு வந்து பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போவார். இந்த வீடு அவருடைய அப்பா கட்டியது. அதை அவரும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை.

ஜூன் முதல் வாரம் மைனி போன் செய்தார். "ஏட்டி, தண்ணி விழுதா?"

இரண்டு நாளாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, நான் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எங்க மைனி? வெறும் பாறதான் தெரியுது. இந்த வருஷம் என்னமோ மழையவே காணும்."

மறுநாள் காலையில் செல்போனில் ஒரு வீடியோ வந்து கிடந்தது. பேரருவி பாதுகாப்பு வளைவைத் தாண்டி நுரைத்துக்கொண்டு விழுகிறது, போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுகிறார். கீழே மைனி ஒரு வரி எழுதியிருந்தார். "இது எந்த ஊர் அருவிட்டி?" எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் பரவாயில்லை. குடும்பக் குரூப்பிலும் போட்டுவிட்டார். ஆளாளுக்குச் சிரித்து வைத்திருந்தார்கள். ஒரு சித்தப்பா, "மேலகரத்துல மட்டும் மழை இல்ல போல" என்று எழுதியிருந்தார்.

எனக்கு என் மேல்தான் ஆத்திரமாக வந்தது. போகிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல வக்கில்லாமல், விழுகிற அருவியை விழவில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு பொய் தேவையா?

இதற்கிடையில் கணவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செல்போனில் மேப்பைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"இங்கரு, நீ போற ஊர்லேர்ந்து பத்ரிநாத் பக்கந்தான். பத்ரிநாத் போறேன்னு சொல்லிருவோம். அக்கா ஒரு வார்த்த பேச மாட்டா. வரும்போது பிரசாதத் துளசி கொண்டாட்டினு சொல்லி அனுப்புவா."

பாவம், நான் சண்டையில்லாமல் போய் வர வேண்டும் என்றுதான் அவர் தேடியிருக்கிறார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. நம் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வடக்கே போவதற்குத் தடையே இல்லை, சாமிக்காகப் போனால். சாமி பெயரைச் சொன்னால் பத்து நாள் அடுப்பு அணைந்து கிடக்கலாம், ஊரே வழியனுப்பும். எனக்காகப் போகிறேன் என்றால் மட்டும் குடும்பம் கவிழ்ந்துவிடும். இது என்ன கணக்கு?

தோழியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மாமியாரும் அதேபோல, வழியில் ஒரு தர்கா இருந்தால் அதற்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளேன் என்றாராம். "யக்கா, ஆளுக்கொரு காரணத்தச் சொல்லிட்டு, ரெண்டு பேரும் ஒரே புல்லுல போய் உக்காரப் போறோமா?" என்று கேட்டாள். அத்தோடு எங்கள் இருவருக்கும் தெளிவு வந்துவிட்டது. கும்பிடப் போனால் கும்பிடப் போகிறோம் என்று சொல்லுவோம். இதற்கு அதை இழுக்கக்கூடாது. கணவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அக்காவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா என்று கேட்டேன். தானே சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை.

நாங்கள் ரயிலேறுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மைனி வந்து இறங்கினார். மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நாலு பை. ஹாலில் என் பெட்டி திறந்திருந்தது. மேலே புது ஸ்வெட்டர் கிடந்தது. மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். மைனி ஸ்வெட்டரை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான் மைனி. நாளைக்கு வடக்க போறேன். வர பத்து நாளாகும்."

மைனி தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்கப்பா கட்டின வீட்டுக்கு நான் வாரேன். வந்து எறங்கின நேரம் நீ கெளம்புதன்னா என்ன அர்த்தம்?"

"ஒங்கப்பா கட்டின வீடுதான். எத்தன நாளு வேணும்னாலும் இருங்க. ஒங்க தம்பி இருக்காவ."

"கோயிலுக்கா போற?"

கணவர் தொண்டையைச் செருமினார். அவர் வாயில் பத்ரிநாத் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"கோயிலுக்கு இல்ல மைனி. ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கப் போறேன். தண்ணி விழலன்னு ஒங்ககிட்டப் பொய் சொன்னதும் இதுக்குத்தான். அது தப்பு. போறது தப்பில்ல."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். மைனி ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சும்மா இருக்கவா" என்றார். "நான் வருஷா வருஷம் இங்கன எதுக்கு வாரேன்னு நெனச்ச? அருவிக்கா? முட்டுவலில அருவிப் படி எறங்கி நாலு வருஷமாச்சு. ஓரமா நின்னு பிள்ளைக கழட்டிப் போட்ட சட்டைய வச்சுக்கிட்டு இருந்துட்டு வாரேன். அங்க எங்க வீட்டுல காலைல அடுப்பப் பத்த வச்சா எப்ப அணைக்கேன்னு எனக்கே தெரியாது. ஒக்காந்த எடத்துல எனக்கு ஒரு ஆளு தோச சுட்டுத் தாரது இந்த ஒரு வீட்டுலதாம்ட்டி."

இத்தனை வருஷம் என் வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த மைனியை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். அவரும் தன் அடுப்பை விட்டு ஓடித்தான் வந்திருக்கிறார். இதை ஒருநாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. நான் ஒருநாளாவது கேட்டேனா என்றும் வந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. என் கால் தானாக அடுப்படிக்கு நடந்தது. மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயணத்தையே நிறுத்தியிருப்பேன். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டேன்.

இருவரில் ஒருத்திதான் உட்கார முடியும் என்று யார் சொன்னது? நான் கல்லை அடுப்பில் வைக்கவில்லை. அங்கேயே நின்று கூப்பிட்டேன்.

"ஏங்க, இங்க வாங்க. அக்காவுக்கு ரெண்டு தோச சுட்டுக் குடுங்க."

வந்தார். மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எனக்கு எங்க வரும்" என்றார். வராவிட்டால் வரும்வரை சுடுங்கள் என்றேன்.

"அவனுக்கு என்னட்டி தெரியும், தள்ளு நான் பாக்கேன்" என்று மைனி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மைனி."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதில்லை. மைனி உட்கார்ந்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த மருமகள் நேரே அடுப்படிக்குள் நுழையப் பார்த்தாள். அவளையும் உட்காரச் சொன்னேன். நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே கரண்டி கல்லில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கை பரபரத்தது. எழுந்திருக்கவில்லை.

முதல் தோசை மூன்று துண்டாகத் தட்டில் வந்தது. கொண்டுவந்த மனுஷருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, சட்டையில் மாவு. மைனி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டைக் காலி செய்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துலே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரயிலு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.